புத்துமண் பொட்டலம்

கோமதியம்மாள் துணை

தெற்கு ரத வீதி,
சங்கரன்கோவில்,
9.2.2025

தங்கச்சி காந்திமதிக்கு அக்கா ஆவுடையம்மாள் எழுதுவது. இங்கன எல்லாரும் நடமாட்டமா இருக்கோம். உன் முழங்கால் எப்படி இருக்கு? எனக்கு பிரஷர் மாத்திரையைக் கூட்டியிருக்காரு டாக்டர். கூட்டினதுக்குக் காரணம் இருக்கு, கீழ எழுதுதேன்.

போன்ல பேசலாமேன்னு கேக்காத. எனக்குக் காது மந்தம், ஸ்பீக்கர்ல போட்டாத்தான் விழுது. ஸ்பீக்கர்ல போட்டா என் மருமகளுக்கும் கேக்கு, எதிர்த்த வீட்டு விசைத்தறிக்காரனுக்கும் கேக்கு. நமக்குக் கடுதாசிதான் சரி.

நீ அனுப்பின போட்டோ வந்துச்சு. உன் பேத்தி லட்சுமிப்ரியா ஏதோ படிச்சு சர்டிபிகேட் வாங்கி, அதைக் கண்ணாடி போட்டு ஹால்ல மாட்டியிருக்க. சந்தோஷம். ஒரு சந்தேகம் மட்டும். அவ இன்ஜினியர் வேலையில சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சே, இன்னும் என்ன படிப்பு? உன் அத்தான் தாலுகா ஆபீஸ்ல முப்பது வருஷம் இருந்தாரு. சேர்ந்த அன்னைக்கு என்ன தெரியுமோ அதை வச்சே ரிட்டயர் ஆனாரு. அவரை யாரும் ஒண்ணும் கேக்கல.

போட்டோவுல சர்டிபிகேட்டுக்குக் கீழ சாமி படம் தெரியுது. சாமியை இறக்கிட்டு அதை மேல மாட்டினியா, முன்னமே அப்படித்தான் இருந்துதா? தெரிஞ்சுக்கிடத்தான் கேக்கேன்.

என் பேரன் சங்கரகணேஷும் செல்போன் டவர் இன்ஜினியர்தானே. அவனும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கான். பெரிய படிப்பு. நாங்க போட்டோ எடுக்கல.

மாத்திரை போட நேரமாச்சு, நிறுத்துதேன்.
ஆவுடையம்மாள்


தாம்பரம்,
2.3.2025

அன்புள்ள அக்காவுக்கு காந்திமதி வணக்கத்தோட எழுதறது. படியேறும்போது மட்டும்தான் முழங்கால் தன்னை ஞாபகப்படுத்துது. நீ உப்பைக் குறை, மனசுல எதையும் போட்டு வச்சுக்காதே.

சாமி படம் முன்னமே அங்கதான் இருந்துச்சு.

நீ கேட்டதை ப்ரியாகிட்ட கேட்டேன். அவங்க வேலை அப்படியாம் அக்கா. நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்க போன் சமாசாரம் பூராவும் மாறிடுதாம். 4ஜி படிச்சு வேலைக்கு வந்தவங்க 5ஜி வந்ததும் மறுபடி முதல்ல இருந்து படிக்கணும். வருஷா வருஷம் இத்தனை மணி நேரம் படிச்சேன்னு கம்பெனிக்குக் காட்டணும். "படிக்கிறதை நிறுத்தினா நான் பழைய டவர் மாதிரி ஆயிடுவேன் ஆச்சி. நிக்கத்தான் நிப்பேன், சிக்னல் இருக்காது"ன்னு சிரிக்கறா.

அடுத்த மாசம் பத்து நாள் பயிற்சிக்கு ஹைதராபாத் போறா. பிளேன் டிக்கெட்டெல்லாம் கம்பெனியே போடுது. எதுக்கு இவ்வளவுன்னு நான்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்.

கணேஷ் என்ன கோர்ஸ் படிக்கிறான்? பேரைக் கேட்டு எழுதச் சொன்னா ப்ரியா. அவளும் அதே லைன்தானே, ஏதாவது புஸ்தகம் இருந்தா அனுப்புவாளாம்.

உடம்பைப் பாத்துக்கோ அக்கா.
காந்திமதி


கோமதியம்மாள் துணை

சங்கரன்கோவில்,
20.4.2025

தங்கச்சி காந்திமதிக்கு. பதில் எழுத லேட்டாயிருச்சு, வத்தல் போட்டுக்கிட்டு இருந்தேன். வெயில்ல போகாத. எனக்குத் தலைச்சுத்தல் விட்டுவிட்டு வருது.

கோர்ஸ் பேரு இங்கிலீஷ்ல நீளமா இருக்கு, எழுத இந்தத் தாள்ல எடம் காணாது. 5ஜிதான். உன் பேத்தி படிச்ச அதே 5ஜி.

இவங்க கம்பெனியில புதுசா ஒரு உத்தரவு போட்டிருக்கான். இந்த டிசம்பருக்குள்ள பரீட்சை எழுதித் தேறலன்னா டவர் வேலையில இருந்து எடுத்துருவானாம். எடுத்து, சிம் விக்கிற பக்கம் தள்ளிருவானாம். பஸ் ஸ்டாண்டு முன்னால கம்பெனிக் குடையை விரிச்சுக்கிட்டு, போற வாறவனை எல்லாம் "வாங்க சார், வாங்க சார்"னு கூப்பிடணும். தாலுகா ஆபீஸ்காரர் பேரன் குடைக்குக் கீழ! அந்த வழியாத்தான் நான் தினமும் கோயிலுக்குப் போறேன். நம்ம கணேஷுக்கு அப்படி வராது, இருந்தாலும் சொல்லுதேன்.

மாடி ரூம்ல அவனை உக்கார வச்சிருக்கேன். டிவி ரிமோட் என் மடியில. முந்தா நாள் சட்டையை மாட்டிக்கிட்டு இறங்கி வாரான்.

"ராயகிரி டவர் டவுனாம் ஆச்சி. போயிட்டு வந்துருதேன்."

"டவர் எங்கலே ஓடிரும்? அங்கனதான் நிக்கும். நீ படி."

"ஊருக்கே போன் போகாது ஆச்சி."

"ஒரு பொழுது பேசாம இருந்தா ஊரு உருப்படும். மேல போ."

என்னைய நாலாங்கிளாஸோட நிறுத்தினாங்க, உன்னைய இடுப்புல தூக்கி வச்சுக்க ஆள் வேணும்னு. நீ எட்டாங்கிளாஸ் வரை போன. அதை நான் ஒருநாளும் சொல்லிக் காட்டினதில்ல. படிப்போட அருமை எனக்குத் தெரியும்னு சொல்ல வந்தேன்.

லட்சுமிப்ரியா படிக்கும்போது என்ன சாப்பிடுதா? சும்மா கேக்கேன்.

ஆவுடையம்மாள்


தாம்பரம்,
25.5.2025

அன்புள்ள அக்காவுக்கு. தலைச்சுத்தல் நின்னுச்சா? எனக்குச் சுகர் கொஞ்சம் ஏறியிருக்கு, மத்தபடி குறையில்ல.

ப்ரியாவுக்கு வல்லாரைத் துவையல் குடுக்கறேன். ஊற வச்ச பாதாம் நாலு. விடியக்காலம் எழுந்து படிக்கறா, யாரும் எழுப்ப வேண்டியதில்ல.

ஹைதராபாத் போய் வந்தாளா, வந்ததும் அடுத்த பரீட்சை. இப்பல்லாம் வீட்டுல இருந்தே எழுதறாங்க. கம்ப்யூட்டர்ல கேமரா இருக்கு, எங்கேயோ ஒருத்தர் உக்காந்து இவளையே பாத்துக்கிட்டு இருப்பாராம். போன வருஷம் நீ கோயில்ல இருந்து புத்துமண் அனுப்பினியே, அதைத்தான் அவ நெத்தியில இட்டேன். பாஸாயிட்டா! நம்ம கோமதியம்மா கைவிடல. ரெண்டாவது சர்டிபிகேட்டும் மாட்டியாச்சு.

கணேஷ் மார்ச் கடைசியிலதான் கோர்ஸ்ல சேர்ந்தானாமே. ப்ரியாகிட்ட மெசேஜ்ல சொல்லியிருக்கான். நீ பிப்ரவரியிலேயே எழுதியிருந்தியேன்னு எடுத்துப் பாத்தேன். எனக்குத்தான் வயசாயிடுச்சு போல.

காந்திமதி


கோமதியம்மாள் துணை

சங்கரன்கோவில்,
3.6.2025

காந்திமதிக்கு. சுகருக்கு வெந்தயம் சாப்பிடு. எனக்குச் சுகமில்ல.

மனசால படிச்சது முன்னாடி. பேரு குடுத்தது மார்ச்சு. ரெண்டும் வேற வேற.

புத்துமண் நான் அனுப்பினது. கூட்டத்துல நின்னு வாங்கி, கல்லு பொறுக்கி, பொட்டலம் கட்டி, போஸ்டாபீஸ்ல ஸ்டாம்பு ஒட்டினவ நான். என் வீட்டுல இருக்கிறவனுக்கு ஒருநாளு இட்டிருக்கேனா? இல்ல. தாம்பரத்துக்கு அனுப்பியிருக்கேன். நம்ம ஊரு அம்மா, நம்ம ஊரு மண்ணு, பாஸானது அங்கன.

உன் மகன் கல்யாணத்துல என்னைய ரெண்டாம் பந்தியில உக்கார வச்ச. முத பந்தியில யார் யாரு உக்காந்தான்னு வரிசையாச் சொல்லுவேன். அன்னைக்குக்கூட எனக்கு இப்படி எரியல.

இவன் பரீட்சை அடுத்த மாசம். அன்னைக்குக் காலையில கோயிலுக்குப் போய்ப் புதுசா எடுத்துட்டு வருவேன். ஒரு வருஷம் டப்பாவுல கெடந்த மண்ணுக்கே பாஸுன்னா, புது மண்ணுக்கு எப்படின்னு பாப்போம்.

ஆவுடையம்மாள்


கோமதியம்மாள் துணை

சங்கரன்கோவில்,
20.7.2025

காந்திமதிக்கு. உன் சுகர் இறங்குச்சா?

பரீட்சை நடந்தது. பாதியில கரண்டு போயிருச்சு. அவ்வளவுதான்.

இங்கன மழை இல்ல. பனவடலிசத்திரம் பக்கம் ரெண்டு தூத்தல் போட்டுதாம். பூ விலை ஏறிப்போச்சு.

ஆவுடையம்மாள்


தாம்பரம்,
17.8.2025

அன்புள்ள அக்காவுக்கு. இவ்வளவு சின்னக் கடுதாசி உன்கிட்ட இருந்து வந்ததே இல்ல, பயந்துட்டேன். பிரஷர் பாத்தியா? யாராவது துணைக்கு இருக்காங்களா?

லேப்டாப்புல பேட்டரி இருக்குமே, கரண்டு போனா எப்படி நிக்கும்னு ப்ரியா கேட்டா. நான் அதட்டிட்டேன். அக்கா கரண்டுன்னு சொன்னா கரண்டுதான்னு சொல்லிட்டேன். அப்படிக் கரண்டு போனா ஒரு வாரத்துல மறுபடி எழுத விடுவாங்களாம். கணேஷை உடனே கேக்கச் சொல்லு. டிசம்பர்னா தூரமில்லையே.

ஆடித்தபசு நல்லா நடந்துச்சா? பிரசாதம் இந்த வருஷம் வரல. தபால்ல தவறியிருக்கும்.

பதில் போடு அக்கா.
காந்திமதி


தாம்பரம்,
21.9.2025

பெரியாச்சிக்கு லட்சுமிப்ரியா எழுதுவது. நமஸ்காரம். உங்களுக்குத் தலைச்சுத்தல் எப்படி இருக்கு? ஆச்சி எழுதின கடிதத்துக்கு நீங்க பதில் போடலைன்னு அவங்க தினமும் தபால்காரரைக் கேக்கறாங்க. நான் எழுதறது அவங்களுக்குத் தெரியாது.

கணேஷ்கிட்ட வற்புறுத்திக் கேட்டேன். ரொம்ப நாள் கழிச்சுத்தான் சொன்னான். பரீட்சை எழுதும்போது ரூம்ல வேற யாரும் இருக்கக் கூடாது. இருந்தா அந்த நிமிஷமே நிறுத்திடுவாங்க. அன்னைக்கு நடந்ததை அவங்க இப்படி எழுதியிருக்காங்க: "வயதான ஒரு பெண் உள்ளே வந்தார். காகிதப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தார். எழுதுபவரின் முகத்தருகே கொண்டுபோனார்." பிட் கொடுத்தாங்கன்னு முடிவு பண்ணி ஒரு வருஷம் தடை போட்டுட்டாங்க. ஒரு வருஷம்னா டிசம்பர் போயிடும். வேலை மாறிடும்.

"பெரியாச்சிதான் வந்தாங்கன்னு எழுதிக் குடேன்"னு கேட்டேன். "அவங்களை எதுக்குப்பா மாட்டி விடணும், நான் குடை பிடிச்சுக்கிடுதேன்"னு சொல்றான்.

மேல்முறையீடு பண்ண இன்னும் கொஞ்ச நாள் இருக்கு. உள்ளே வந்தவங்களே கைப்பட எழுதித் தரணும். யார், பொட்டலத்துல என்ன, எதுக்காக வந்தீங்க. மூணுக்கும் பதில் வேணும். நீங்க தமிழ்ல எழுதுங்க, நான் இங்கிலீஷ்ல மாத்தி ரெண்டையும் சேர்த்து அனுப்பறேன். கணேஷை ஒத்துக்க வைக்கறது என் பொறுப்பு.

தப்பா எடுத்துக்காதீங்க பெரியாச்சி.
லட்சுமிப்ரியா


கோமதியம்மாள் துணை

சங்கரன்கோவில்,
2.10.2025

லட்சுமிப்ரியாவுக்கு. நீ நல்லா இரு. கீழ உள்ளதை ஒரு சொல்லு கூட்டாம குறைக்காம மாத்தி அனுப்பு. வாசிக்கும்போது உனக்கு ஒரு மாதிரி இருந்தா நான் பொறுப்பில்ல.

பரீட்சை நடத்துற ஐயாமாருக்கு ஆவுடையம்மாள் எழுதிக் குடுப்பது. நீங்க எல்லாரும் சுகமா இருக்கணும்.

கேமராவுல தெரிஞ்ச கிழவி நான்தான். சங்கரகணேஷோட அப்பாவைப் பெத்தவ.

பொட்டலத்துல இருந்தது புத்துமண். எங்க ஊரு கோமதியம்மன் கோயில்ல குடுப்பாங்க. நெத்தியில இடலாம், ஒரு துளி வாயில போடலாம், அதைப் பாத்து பரீட்சை எழுத முடியாது. மடிச்சிருந்த தாள்ல எழுத்து இருந்துது, அது வாஸ்தவம். காலண்டர்ல கிழிச்ச தாளு. அன்னைக்கு ராகுகாலம் எப்போன்னு போட்டிருந்துது. அது உங்க கேள்விக்குப் பதிலா இருந்தா நீங்க செஞ்சது சரி.

பேரன் மேல தப்பில்ல. முன்கதவைப் பூட்டிக்கிட்டுத்தான் உக்காந்தான். மாடியில பின்பக்கம் ஒரு கதவு உண்டு, அதுக்குத் தாழ்ப்பாள் கெடையாது. அது வழியாப் போனேன். "வராதீங்க ஆச்சி, வராதீங்க"ன்னு ரெண்டு கையையும் ஆட்டினான். கைதானே ஆடுது, நெத்தி சும்மாதானே இருக்குன்னு இட்டுட்டேன். காலையில கோயில்ல கூட்டம், நான் வர முன்னால அவன் உக்காந்துட்டான். அதான் நடுவுல போக வேண்டியதாப் போச்சு.

எதுக்காகப் போனேன்னு கேக்கீங்க. பாசத்துல போனேன்னு எழுதச் சொல்லுதா என் மருமக. அது பொய்யி. என் தங்கச்சி பேத்தி இதே பரீட்சையில ஜெயிச்சா. நான் அனுப்பின மண்ணை இட்டுக்கிட்டு ஜெயிச்சா. எனக்குப் பொறுக்கல. அவ மண்ணால ஜெயிக்கல, படிச்சு ஜெயிச்சா, என் பேரனைவிட அவ கெட்டிக்காரின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சதுனாலதான் பொறுக்கல.

பொறாமை என்னுது. பரீட்சை அவனுது. ஒண்ணுக்காக இன்னொண்ணைக் கெடுக்காதீங்க.

இதை இங்கிலீஷ்ல மாத்தி எழுதப் போறவளும் அந்தப் பேத்திதான்.

ஆவுடையம்மாள், என் கையெழுத்து


தாம்பரம்,
23.11.2025

அன்புள்ள அக்காவுக்கு. மழையில இங்க தெரு பூரா தண்ணி. எனக்கு ஜலதோஷம், வேற ஒண்ணுமில்ல. நீ காதுக்குப் பஞ்சு வச்சுக்கோ.

நீ எழுதிக் குடுத்ததை ப்ரியா ரெண்டு நாள் உக்காந்து மாத்தினா. எனக்கு வாசிச்சுக் காட்டல. அவ ஆபீஸ் போனதும் நானே எடுத்து வாசிச்சேன். அதைப் பத்தி ஒண்ணும் எழுதப் போறதில்ல.

அவங்க ஒத்துக்கிட்டாங்க. வீட்டுல இல்ல, சென்னையில சென்டருக்கு வந்து எழுதணும்னு சொன்னாங்க. அதுக்குத்தான் கணேஷ் இங்க வந்து ஒரு வாரம் தங்கினது. எழுதினான், பாஸாயிட்டான். நீ இந்நேரம் தெரு முழுக்கச் சொல்லியிருப்ப. ப்ரியாவைவிட நாலு மார்க் கூட. நல்ல விஷயம்தான். அவ முதல் தடவை எழுதினா, இவனுக்கு ரெண்டாந்தடவை, கேள்வி கொஞ்சம் பழகியிருக்கும். இருந்தாலும் நல்ல விஷயம்தான். ப்ரியாவுக்கு ரொம்ப சந்தோஷம். எனக்கும்தான்.

இன்னொண்ணு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு அவன் முழிக்கறான், அதனால நான் எழுதறேன். இந்தப் படிப்பு முடிச்சவங்க அவன் கம்பெனியில கொஞ்சம் பேர்தானாம். ஜனவரியில இருந்து சென்னை ஆபீஸுக்கு வரச் சொல்லிட்டாங்க. டவர் டவரா அலைய வேண்டாம், உக்காந்து பிளான் போடற வேலை. சம்பளம் கூட. எங்க மாடி ரூம் காலியாத்தான் இருக்கு, இங்கேயே தங்கட்டும்.

கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கு.

காந்திமதி


கோமதியம்மாள் துணை

சங்கரன்கோவில்,
14.12.2025

தங்கச்சி காந்திமதிக்கு. ஜலதோஷம் விட்டுதா? எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல.

கேள்வி பழகியிருக்கும்னு எழுதியிருக்க. அந்த வரியை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன், பாத்துக்கோ.

தெரு முழுக்கச் சொன்னேன், உண்மைதான். விசைத்தறிக்காரன் தறியை நிறுத்திட்டு வந்து கேட்டான், அவனுக்கும் சொன்னேன். கோயில் வாசல்ல பூ விக்கிறவளுக்கும் சொன்னேன். அவதான் கேட்டா, "அப்போ பேரன் இனிமே இங்கன இருக்க மாட்டானா ஆச்சி?"ன்னு. பூவை வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

பெட்டி கட்டுதான். "வாராவாரம் வீடியோ கால் போடுதேன் ஆச்சி, எங்க நெட்வொர்க்கு இப்போ நல்லா எடுக்கும்"னு சொல்லுதான். நல்லா எடுக்கும்படியா அவன் படிக்கணும்னு மாடியில பூட்டி வச்சது யாரு, நானேதான். ஜெயிக்கணும் ஜெயிக்கணும்னு நின்னேன். ஜெயிச்சதுக்கு எனக்குக் கெடைச்சது காலி ரூம். உனக்குக் கெடைச்சது என் பேரன். நீ ஒரு பரீட்சையும் எழுதல.

அவனைப் பத்திச் சொல்லுதேன், கேட்டுக்கோ. காலையில எழுந்ததும் பேசினா பிடிக்காது, காப்பியை வச்சுட்டு வந்துரு. துவைச்ச சட்டையை மடிக்காத, ஆணியில மாட்டினாத்தான் கண்ணுக்குத் தெரியும். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கணும். மாட்டேன்னு ஓடுவான், பிடிச்சு உக்கார வச்சு... இல்ல, நீ வைக்க வேண்டாம். லீவுக்கு வரும்போது நான் வச்சுக்கிடுதேன்.

ஞாயித்துக்கிழமையானா தேங்காப்பால் சொதி கேப்பான். செஞ்சு குடு, இல்லன்னு சொல்லிராத. அம்மா நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே அடுப்புலதான் சொல்லிக் குடுத்தா, நீ வச்சாலும் நான் வைக்கிற மாதிரியே வரும். அது எனக்குத் தெரியும். அப்படி வச்சிராத. முதப் பால் ஊத்தாத. இஞ்சித் துவையல் அரைக்காத.

கொஞ்சம் சுமாராவே வை.

அக்கா
ஆவுடையம்மாள்